துப்பாக்கி கொடுத்தவர் ஊருக்குப் போய்விடுவார்!

அடிபடுகிறவன் கையில் கம்பு எடுத்துக் கொடுப்பது தப்பா? தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவன் ஒருவன் சின்னவன் வீட்டுக்குள் புகுந்து அடிக்கும்போது, "சமாதானமாப் போங்கப்பா" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வதில் புண்ணியம் இல்லை.

ஆனால் கம்பைப் பார்த்ததும் எதிராளி அரிவாள் எடுப்பான். அரிவாளுக்குப் பதில் வேல்கம்பு. வேல்கம்புக்குப் பதில் நாட்டு வெடிகுண்டு. தெருச் சண்டைக்கே இந்தக் கதி. நாட்டுக்கு நாடு சண்டை என்றால்?

2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷியப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. இது அப்பட்டமான படையெடுப்பு. தன்னிடம் இருந்த அணுகுண்டுகளை 1994-ல் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்ட நாடு உக்ரைன். அதன் எல்லையை மதிப்போம் என்று அன்று கையெழுத்துப் போட்டவர்களில் ரஷியாவும் ஒன்று! ஆகவே அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்ததில் நியாயம் இருந்தது.

முதலில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை கொடுத்தார்கள். சில மாதத்தில் தூரத்துக்குப் பாயும் ராக்கெட் போனது. 2023-ல் டாங்கிகள். 2024 ஆகஸ்டில் எப்-16 விமானம். 300 கிலோ மீட்டர் வரை பாயும் ஏவுகணையை அமெரிக்கா முதலில் மறுத்தது. பிறகு அதையும் கொடுத்தது. 2024 நவம்பர் 19-ந் தேதி அந்த ஏவுகணை ரஷிய மண்ணில் விழுந்தது. அதே நாளில், எப்போதெல்லாம் அணுகுண்டு போடலாம் என்ற விதிகளைத் தளர்த்தி ரஷிய அதிபர் புடின் கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில் உக்ரைனின் நிப்ரோ நகர் மீது புதுவகை ஏவுகணை பாய்ந்தது. ரஷியாவுக்காகச் சண்டை போட வடகொரியாவிலிருந்து சிப்பாய்களே வந்து இறங்கினார்கள்.

தூத்துக்குடி மளிகைக் கடைக்காரர்களுக்கு இது தூரத்துச் சண்டை இல்லை. அதுவரை இந்தியாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன் சரக்கு. கருங்கடலில் கப்பல் நின்றதும் இங்கே எண்ணெய் விலை ஏறியது. திட்டு வாங்கியது யார்? கடைக்காரர்தான்!

அந்நிய ஆயுதத்தை நம்பிய கதை இந்தக் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. 1530-களில் முத்துக்குளித்துறையில் தகராறு முற்றியது. பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பீரங்கிக் கப்பல் வந்தது. தகராறு கடற்போராக வளர்ந்தது. 1538-ல் ராமநாதபுரம் கரையில் வேதாளையில் கோழிக்கோடு சாமூதிரியின் கப்பல்களோடு போர்த்துகீசியர் மோதினார்கள். ஜெயித்தவர் திரும்பிப் போகவில்லை. முத்துக்குளிப்பில் பங்கு கேட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை விரட்ட 1658-ல் டச்சுக்காரர் வர வேண்டியிருந்தது!

பாஞ்சாலங்குறிச்சி கதை இதைவிடப் பாடு. ஒட்டப்பிடாரம் பக்கம் 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 1799-ஐ நினைப்பார்கள். அதற்கு 16 வருஷம் முந்திய சம்பவம் பலருக்குத் தெரியாது.

ஆற்காடு நவாபின் பெயரைச் சொல்லி ஆங்கிலக் கம்பெனி பாளையக்காரர்களிடம் கிஸ்தி கேட்டுக்கொண்டிருந்த நேரம். 1780 கடைசியில் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் போர் மூண்டது. ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுக்கப் பாளையக்காரர்களைப் பிடித்தால் போதும் என்று கொழும்பில் இருந்த டச்சுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வருமுன் நடந்தது இது.

1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் படையோடு வந்தார். கோட்டை விழுந்தது. உள்ளே துப்பாக்கி, வெடிமருந்து, பணம். கூடவே ஒரு தாள். அந்த டச்சு ஒப்பந்தம்! கிஸ்தி பாக்கி வைத்த பாளையக்காரர் அந்தத் தாளால் அந்நிய எதிரிக்குக் கூட்டாளி ஆகிவிட்டார். கிஸ்தி பாக்கியை வசூலிக்க ஒரு அமல்தார் போதும். கூட்டாளியை ஒடுக்கப் பட்டாளம்தான் வரும்.

சரி, டச்சுக்காரர் என்ன ஆனார்? 1782-ல் ஆங்கிலேயர் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். 1784-ல் ஐரோப்பாவில் இரண்டு வெள்ளைக்காரர்களும் கை குலுக்கிவிட்டார்கள். மறு ஆண்டே தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குத் திரும்ப வந்தது. பாளையக்காரருக்கு வந்தது என்ன? பணம் கட்டு என்ற உத்தரவு!

1799-ல் கம்பெனிப் படை மறுபடி பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்தபோது டச்சு உதவிக்கு வழியே இல்லை. கொழும்பையே 1796-ல் ஆங்கிலேயரிடம் இழந்துவிட்டார்கள். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801-ல் ஊமைத்துரை கோட்டையைத் திரும்பக் கட்டி எழுந்தார். தூத்துக்குடியையும் பிடித்தார்கள். மே மாதம் அந்தக் கோட்டையும் தரைமட்டம். டிசம்பரில், பாளையங்களில் இனி யார் கையிலும் ஆயுதம் இருக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டது. கட்டபொம்மன் பணிந்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முதுகில் தட்டிக்கொடுத்த டச்சுக்காரர் கடைசிவரை நிற்கிறேன் என்று சொன்னவர் இல்லை, அவ்வளவுதான்.

இதே தப்பை டெல்லியும் செய்தது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களை வெட்டிச் சாய்த்தபோது தமிழ்நாடே கொதித்தது. போராளிகளுக்கு இந்திய அரசு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. அன்றைக்கு அதைக் குறை சொன்னவர்கள் குறைவு. இலங்கை அரசு சும்மா இருந்ததா? இஸ்ரேல், பாகிஸ்தான், கூலிக்குப் பயிற்சி தரும் பிரிட்டிஷ் கம்பெனி என்று எல்லோரையும் அழைத்து வந்தது. 1987 ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலையில் ஒப்பந்தம். அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு மோதியது. 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜவான்கள் திரும்பவில்லை. 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துச் சனங்களோ 2009 வரை குண்டுக்கு நடுவில் கிடந்தார்கள்.

ஆயுதம் கொடுக்கவே கூடாதா? அப்படிச் சொன்னால் பலசாலி வைத்ததே சட்டம் ஆகிவிடும். பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் உதவி இல்லை. சண்டை முடியாது, சாவு மட்டும் நடக்கும். எதற்காகக் கொடுக்கிறோம், எதுவரை கொடுப்போம், எந்தக் கட்டத்தில் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைப்போம் என்பதை முதல் பெட்டி கப்பலில் ஏறுமுன்பே சொல்ல வேண்டும். உக்ரைன் விஷயத்தில் இதை யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "மாட்டோம்" என்றார்கள், பிறகு கொடுத்தார்கள்.

இப்போது இந்தியாவே ஆயுதம் விற்கும் நாடு. 2023-24-ல் மட்டும் 21,083 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி. இந்தியாவில் செய்த பீரங்கிக் குண்டுகள் ஐரோப்பிய நாடுகள் வழியாக உக்ரைன் போனதாக 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. வெளியுறவுத் துறை மறுத்தது. மறுத்தால் மட்டும் போதாது. வாங்குகிற நாடு வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்குகிறார்களே, அந்தத் தாளின்படி நடக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? எந்தக் குண்டு எந்த ஊரில் இறங்கியது? இந்தக் கணக்கை ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வைக்கட்டும்.