கார்டு எங்கே போச்சு?

"ஏஜி ஃபோர் சார், 600 ரூபா. ஓட்டிப் பாத்து எடுத்துக்கோங்க" என்றார், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர். ஏஜி ஃபோர் என்பது கையில் பிடித்து ஓட்டும் 4 இஞ்ச் கிரைண்டர். முடிச்சூர் ரோட்டில் கிரில் பட்டறைகளைத் தாண்டும்போது காதைக் கிழிக்குமே, அதுதான். (வீட்டில் 'கிரைண்டர் வாங்கப் போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். திரும்பி வந்தபோது அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன.)

ஓட்டிப் பார்க்கப் பக்கத்து டீக்கடையிலிருந்து வயர் இழுத்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்திருந்தார். மெஷின் வயரின் முனையில் பிளக் இல்லை. இரண்டு முனையையும் பல்லால் கடித்து உரித்து, ஓட்டைகளில் சொருகி, நழுவாமல் இருக்க ஓட்டைக்கு ஒரு தீக்குச்சியை வைத்து இறுக்கினார். பெருங்களத்தூர் பக்கம் எழும்பும் எந்த அப்பார்ட்மென்ட்டுக்குள் போனாலும் இந்தத் தீக்குச்சி கனெக்‌ஷனைப் பார்க்கலாம். அங்கே கூடுதலாக, மார்பிள் அறுக்க ஊற்றிய தண்ணீரில் வெறுங்காலோடு ஆள் நிற்பார்.

மெஷின் நன்றாகவே ஓடியது. "கார்டு எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"கார்டா? வரும்போதே இல்ல சார். அதெல்லாம் எவன் மாட்றான்?"

அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தார்ப்பாயில் பதினோரு மெஷின்கள். டிஸ்கைப் பாதிக்கு மூடியிருக்க வேண்டிய அந்தத் தகரப் பிறை ஒன்றில்கூட இல்லை. போன ஆயுத பூஜைக்கு எங்கள் தெருப் பட்டறையில் வரிசையாக நான்கு மெஷின்களை வைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி படைத்திருந்தார்கள். அவற்றிலும் கார்டு கிடையாது. காற்றுப் போகும் ஓட்டைகளில் சந்தனம் அப்பியிருந்தது வேறு.

டிஸ்கின் முகத்தில் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். 100 மில்லிமீட்டர் டிஸ்க் என்றால் நிமிஷத்துக்கு அதிகபட்சம் 15,300 சுற்று. 125 என்றால் 12,250. 180 என்றால் 8,500. டிஸ்க் பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் சுற்று குறையும். விளிம்பு தாங்கும் உச்ச வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வினாடிக்கு 80 மீட்டர். சின்ன மெஷின் நிமிஷத்துக்கு 11,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலே, டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. தாம்பரம்–பீச் எலெக்ட்ரிக் ரயில் இதில் பாதி வேகம் போனாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் துண்டுகள் எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்று முடிவு செய்வது கார்டு. உங்கள் முகத்துக்கும் டிஸ்குக்கும் நடுவில் அது நிற்க வேண்டும். அதற்காகத்தான் அதைத் திருப்பி வைத்து இறுக்க வழி செய்திருக்கிறார்கள்.

இந்த மெஷின் 1954இல் ஜெர்மனியில் ஆக்கர்மான் அண்ட் ஷ்மிட் என்ற கம்பெனியிலிருந்து வந்தது. அவர்களுடைய ஃப்ளெக்ஸ் என்ற பெயரே அந்த ஊரில் மெஷினுக்கும் வேலைக்கும் பெயராகிவிட்டது. நமக்கு ஃப்ளெக்ஸ் என்றால் காதுகுத்துக்கு வைக்கும் பேனர்.

கார்டைக் கழற்றுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். 4 இஞ்ச் என்று கடையில் கொடுக்கும் மார்பிள் பிளேடு சில சமயம் 110 மில்லிமீட்டர் இருக்கும், கார்டில் உரசும். கேட்டின் உள்மூலையில் தேய்க்கப் போனால் கார்டு இடிக்கும். ஒரு தடவை கழற்றியது, மறுபடி மாட்ட ஸ்பேனர் தேட வேண்டும். அவ்வளவுதான் கதை. நான் மன்னிக்காதது ஒன்றே ஒன்று: மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் மாட்டுவது. மரத்தில் பல் ஒன்று சிக்கினால் போதும், மெஷின் கையை உதறிக்கொண்டு ஆளை நோக்கித் துள்ளும். டிஸ்க் கம்பியைத் தேய்க்கும். பல் பிளேடு கடிக்கும். கிரைண்டருக்கென்றே அந்த பிளேடைத் தொங்கவிட்டு விற்கிறார்கள்.

550க்கு முடித்து, மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த வைண்டிங் கடை பாயிடம் கொண்டுபோனேன். மூடியைத் திருகி, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பனையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒன்று சுண்டுவிரல் நகம் அளவு. இன்னொன்று அதில் பாதி.

"ஜோடியாத்தான் சார் மாத்தணும். தீப்பொறி நீலமா, சின்னதா இருந்தா ஓட்டலாம். ஆரஞ்சா வட்டம் போட்டுச்சுன்னா உடனே நிறுத்திடுங்க, ஆர்மேச்சர் போகப்போகுதுன்னு அர்த்தம்."

மெஷின் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று இருந்தது. இரட்டை இன்சுலேஷன் என்று அதற்குப் பொருள், அதனால்தான் எர்த் வயர் இல்லை என்றார். "ஆனா உள்ள தண்ணி பூந்துச்சுன்னா அந்தச் சதுரம் ஒண்ணும் பண்ணாது. வீட்டு போர்டுல கரண்ட் கசிஞ்சா கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கா?" இருக்கிறது என்றேன். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை எப்போது கடைசியாக அழுத்தினேன் என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியபோது, இவர் கடை வாசலில் நனைந்த மெஷின்கள் வரிசை கட்டி நின்றன. கழற்றிக் கழுவி, பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டு நாள்கணக்கில் காயவைத்தவை பிழைத்தன. 'ஓடுதான்னு பாப்போமே' என்று வீட்டிலேயே சொருகிப் பார்த்தவை புகைந்துபோய் வந்தன. கூடவே வந்த டிஸ்குகளை அவர் யாருக்கும் திருப்பித் தரவில்லையாம். டிஸ்க் என்பது பிசினால் ஒட்டிய உராய்வுத் தூள். ஈரம் குடித்தால் காய்ந்த பிறகும் பலம் திரும்பாது. நடுவிலிருக்கும் உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் பொறித்திருக்கும் என்று ஒரு டிஸ்கைத் திருப்பிக் காட்டினார். பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

கார்டு? அவரிடமும் இல்லை.

பொறுமையில்லாமல், கார்டு இல்லாமலே வாசல் கேட்டின் துருப்பிடித்த தாழ்ப்பாளை அறுத்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், படிக்கிற கண்ணாடி. பொறி அதன் கீழ்ச் சந்து வழியாக நுழைந்தது. அன்று ராத்திரி இமைக்கும்போதெல்லாம் மணல் உருண்டது. மறுநாள் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு மரக்கவைத்து, ஊசி முனையால் இரும்புத் துணுக்கையும் அதைச் சுற்றிய துரு வளையத்தையும் சுரண்டி எடுத்தார். "உங்க ஏரியாவிலிருந்து வாரத்துக்கு நாலு பேராவது இப்படி வர்றாங்க. ஆனா எல்லாரும் வெல்டர்ஸ்" என்றார்.

கண் ஆறியதும் மறுபடி தேடினேன். ஹார்ட்வேர் கடையில் தனியாக வராது, புது மெஷின் வாங்குங்கள் என்றார்கள். கடைசியில் வேறு வேலையாக ஒரு காயலான் கடைக்குப் போனபோது, மூலையில் ஒரு கோணிப்பை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே முழுக்க கார்டுகள். பாதிக்கு மேல் பெயின்ட்கூட உரியாதவை. டப்பாவிலிருந்து எடுத்த அன்றே கழற்றியிருப்பார்கள்.

தேடலுக்காகப் பையிலேயே வைத்திருந்த அளவை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழாவது சரியாக உட்காரும் போலிருந்தது. கடைக்காரர் அதை வாங்கித் தராசில் போட்டார், முள் அசையவே இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சும்மாவே எடுத்துக்கோங்க சார்" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, இது எதுல வர்ற ஐட்டம்?"