ஃபார்மேட் வேண்டாம், பழைய மூட்டை இருக்கிறது

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொண்ட நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் ஒரு நாள் காலையில் என் லேப்டாப் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றுவிட்டது. பென்ஷன் காகிதங்கள், இருபது வருஷத்துக் குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள். பாதிக்கு வேறு நகல் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, “ஃபார்மேட் பண்ணிடலாம் அங்கிள், அரை மணி நேர வேலை” என்றான். தலையாட்டப் போனேன். நல்லவேளை, ஆட்டவில்லை.

நடந்தது இதுதான். கெர்னல் எழுந்ததும் டிஸ்க்கைப் படிக்க வேண்டும். படிக்கத் தேவையான டிரைவரோ அந்த டிஸ்க்கிலேயே இருக்கலாம். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை! அதற்காகவே அவசியமான டிரைவர்களை மட்டும் கட்டிய ஒரு சிறு மூட்டையைக் கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றுகிறார்கள். அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனி மூட்டை. எல்லாம் ‘பூட்’ என்ற ஃபோல்டரில் சேரும். என் லேப்டாப்பில் அதற்குத் தனியாக ஒதுக்கியிருந்தது வெறும் 500 எம்.பி. முந்தின நாள் அப்டேட்டின்போது இடம் போதவில்லை. புதுக் கெர்னல் வந்தது, அதன் மூட்டை தயாராகவில்லை. திரையில் வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் மூடி வைத்தவன் நான்தான்.

ஆன் செய்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தேன் (புது மெஷின்களில் எஸ்கேப் கீயைத் தட்ட வேண்டும்). வந்த மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகு ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளை கொடுத்துத் தேங்கிக் கிடந்த மிகப் பழைய பதிப்பை நீக்கி, புது மூட்டையைக் கட்டச் சொன்னேன். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால் உடனே ஃபார்மேட் என்பது, கதவு திறக்கவில்லை என்று வீட்டை இடிப்பது போல. பழையதை எல்லாம் அழித்துவிடு என்ற யோசனையும் தப்பு. புதுசு ஓடுகிறது என்று தெரியும்வரை பழையது ஒன்று இருக்கட்டும். அந்த ஃபோல்டரில் கையால் எதையும் அழிக்காதீர்கள். பாக்கேஜ் மேனேஜர் கணக்கில் அது இருப்பதாகவே நிற்கும்.

நமக்கு லினக்ஸ் போட்டுத் தரும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பூட்டுக்குத் தனி இடம் பிரித்தால் ஒரு ஜி.பி.க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். நாங்கள் எச்சரிக்கையைப் படிக்காமல் மூடுகிறவர்கள்.

படங்களுக்கு இந்த வாரம் ஒரு நகலும் எடுத்து வைத்துவிட்டேன்.