சம்பளம் கேட்டால் மெஷின் வருமாம்



சம்பளப் பேச்சு எழும்பும் ஒவ்வொரு முறையும் கம்பனிப் பக்கத்திலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இதற்கு மேல் கட்டாது. இனியும் கேட்டால் மெஷின் போட்டுவிடுவோம்." பிரட்டுக்களத்தில் அது மிரட்டலாக வருகிறது. பத்திரிகையில் 'இயந்திரமயமாக்கல்' என்ற நல்ல பேரோடு வருகிறது. லயத்துக்குப் போனதும் அது பயமாக மாறிவிடுகிறது. "கேட்காமலே இருந்திருக்கலாமோ" என்று நம் ஆட்களே பேசத் தொடங்குகிறார்கள். அதனால் இந்த இதழின் தலையங்கத்தை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்குகிறோம். கம்பனி சொல்வது உண்மையா? மெஷின் வந்தால் அடி யாருக்கு? சங்கம் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் நாம் கேட்டு வாங்கியது எவ்வளவு என்று பார்ப்போம். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் ஆனது. ஆயிரம் ரூபாய் கேட்டு வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900 ரூபாயும் 100 ரூபாய் வரவு செலவுப் படியும் வர்த்தமானியில் வந்தன. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் அதோடு நின்றது. பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கும் கிலோவும் ஏறியது. 2024 ஏப்ரல் கடைசியில் 1,350 ரூபாயும் 350 ரூபாய் கொடுப்பனவுமாக 1,700 என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 மட்டும் நம் கைக்கு வந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாயும், அரசாங்கம் தரும் 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையுமாக 1,750 என்று அறிவித்தார்கள். அந்த வருடங்களில் மா, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி எல்லாம் என்ன விலை ஏறின என்று எந்த வீட்டுக்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது கம்பனியின் வாதத்துக்கு வருவோம். சம்பளம் குறைவாக இருந்தால் வேலை நிலைக்கும், கூடினால் வேலை போகும் என்கிறார்கள். அப்படியானால் சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் வேலை நிலைத்திருக்க வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது பதிவுத் தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. பாதிக்கு மேல் ஆட்கள் போய்விட்டார்கள். அவர்களைத் துரத்தியது எந்த மெஷின்? மலையில் அப்போது மெஷினே அரிது. சம்பளம் கட்டாததால் கொழும்புக் கடைகளுக்கும், கட்டட வேலைக்கும், மத்திய கிழக்கு வீட்டு வேலைக்கும், இந்தத் துறைமுகப் பக்கத்துக்கும் நம் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். ஆளைத் தோட்டத்திலிருந்து கிளப்பியது குறைந்த சம்பளம். இன்று "கொழுந்தெடுக்க ஆளில்லை, அதனால் மெஷின்" என்று சொல்கிறவர்கள் அந்த ஆள் ஏன் இல்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வேறு தேசத்திலும் இதே பேச்சுத்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய துரித உணவுக் கடைத் தொழிலாளிக்கு மணிக்கு 20 டொலர் என்று சட்டம் போட்டது. உடனே, "பார், இனி ஓடர் எடுக்க ஆளுக்குப் பதில் தொடுதிரைதான்" என்றார்கள். அந்தத் தொடுதிரைகள் மக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டன. 2009இலிருந்து நாட்டின் அடிமட்டச் சம்பளம் 7 டொலர் 25 சதத்திலேயே நிற்கிறது. அதை மட்டும் கொடுக்கும் மாநிலங்களிலும் அந்தத் திரைகள் நிற்கின்றன. சம்பளம் கூடினால் முதலாளி மெஷினைச் சீக்கிரம் யோசிப்பார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தைக் கூட்டாமல் விட்டால் மெஷின் வராது என்பது பொய்.

நம் கண் முன்னாலும் சாட்சி இருக்கிறது. சீனக்குடா மா ஆலைக்கு வரும் கோதுமை மூட்டையாகத் தோளில் ஏறுவதில்லை. கப்பல் வயிற்றிலிருந்து நேரே இயந்திரத்தில் போகிறது. நம் தேயிலை ஒரு காலத்தில் பலகைப் பெட்டியில் போனது. பெட்டி அடித்தவர், ஏற்றி இறக்கிய நாட்டாமை என்று எத்தனையோ குடும்பம் அதில் பிழைத்தது. பிறகு கடதாசிச் சாக்கு வந்தது, கொள்கலன் வந்தது. 2025 ஏப்ரலில் கொழும்பில் தொடங்கிய மேற்கு முனையத்தில் தானியங்கி கிரேன்கள் வேலை செய்கின்றன. இது எதுவும் நாட்டாமை கூலி கூட்டிக் கேட்டதால் மட்டும் வந்ததல்ல. இன்னொரு பக்கம் கந்தளாய் சீனி ஆலையைப் பாருங்கள். அங்கே வேலையைப் பறித்தது புது மெஷின் அல்ல. ஆலை மூடியது, கரும்பும் போனது, வேலையும் போனது. மெஷின் வந்தாலும் வேலை போகலாம், தொழிலே படுத்தாலும் போகலாம். ஆகவே மெஷினே கூடாது என்று நிற்பதும் நமக்குக் காப்பு ஆகாது.

கென்யாவில் கெரிச்சோ என்ற தேயிலை ஊர் இருக்கிறது. அங்கே கொழுந்து மெஷின்கள் வந்து ஆட்கள் வேலை இழந்தார்கள். 2023 மே மாதம் ஆத்திரம் வெடித்து மெஷின்களுக்குத் தீ வைத்தார்கள். கலவரத்தில் உயிர் போனது. போன வேலை திரும்பி வரவில்லை. அந்த மக்களின் வயிற்றெரிச்சல் நமக்கு நன்றாகப் புரியும். ஆனால் எரிந்த மெஷினுக்குப் பதில் இன்னொன்று வரும். வழக்கும் மறியலும் தொழிலாளிக்குத்தான் மிஞ்சும். மெஷின் வந்து நின்ற பிறகு கோபப்படுவதைவிட, வரும் முன்பே பேசி எழுதி வாங்குவதுதான் சங்கத்தின் வேலை.

இங்கே மெஷின் எவ்வளவு தூரம் வரும்? நம் மலைகள் பல செங்குத்து. பழைய சீட் தேயிலை, இடைவெளி விழுந்த நிரை, மட்டமில்லாத தளம். இரண்டு பேர் பிடிக்கும் பெரிய மெஷின் அங்கே சுலபமாக ஓடாது. கண்டபடி வெட்டினால் முற்றிய இலையும் தண்டும் சேரும். ஏலத்தில் விலை விழும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தின் தரம்தான் சிலோன் தேயிலையின் பேர். ஆனால் மட்டமான விபி மலைகளில் கத்தரியும் கைமெஷினும் வந்துவிட்டன, இனியும் வரும். தமிழ்நாட்டில் வால்பாறை, நீலகிரிப் பக்கங்களிலும் இதே கதைதான்.

அப்படி வந்தால் அடி யாருக்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,550, நோம் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 77 ரூபாய் 50 சதம். கையில் கத்தரியைக் கொடுத்து, "இனி 40 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர்" என்றால் அதே கிலோ 38 ரூபாய் 75 சதமாகிவிடுகிறது. நாட்சம்பளம் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொழுந்தின் கூலி சரிபாதி விழுந்துவிட்டது. மிச்சம் முழுக்கக் கம்பனிக்கு. 30 கிலோ எடுத்தவளுக்கு அரைப் பேர்தான் விழும். மெஷின் தொழிலாளியின் சம்பளத்தைத் தின்பது இந்த நோம் வழியாகத்தான். நாம் காக்க வேண்டிய இடமும் அதுதான்.

அடுத்தது பெண்கள். கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மெஷின் வந்ததும் "இது பாரம், பெட்ரோல் சமாசாரம், ஆம்பிளை வேலை" என்று ஆண்களிடம் கொடுக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலைத் தலையில் சுமந்த பெண்ணுக்குப் புல்லு வெட்டும் கொந்தரப்பு மிஞ்சும். அவள் கைக்கு வரும் சம்பளம் நின்றால் பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எந்தப் பிள்ளை வரவில்லை என்பதை வைத்தே எந்த வீட்டில் பேர் குறைந்தது என்று தோட்டப் பாடசாலை ஆசிரியர் யாரும் சொல்லிவிடுவார்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையை முடிவுறுத்தும் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, அவர் எழுத்தில் சம்மதிக்காமலோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமலோ ஆட்குறைப்பு என்று நிறுத்த முடியாது. ஆகவே 'சம்மதம்' என்று நீட்டும் எந்தக் கடதாசியிலும் சங்கத்துக்குக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஒரு ஓட்டை உண்டு. கம்பனி யாரையும் நிறுத்தாது. வயது போனவர் விலகும் இடத்துக்குப் புதுப் பேர் பதியாது. மீதியைக் கொந்தரப்புக்கும், கிலோவுக்குக் காசு என்ற வெளியார் முறைக்கும் தள்ளிவிடும். அங்கே சேமலாப நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

பணிக்கொடை சின்ன விஷயமல்ல. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. 25 வருடம் வேலை செய்தவருக்கு 1,550 ரூபாய்ப்படி 5 இலட்சத்து 42 ஆயிரத்து 500 ரூபாய் வருகிறது. 1,350 என்றால் 4 இலட்சத்து 72 ஆயிரத்து 500தான். வருகை ஊக்கத்தொகை இந்தக் கணக்கில் ஏறாது. ஊக்கத்தொகையாகத் தராதே, அடிப்படைச் சம்பளத்தில் சேர் என்று சங்கம் விடாமல் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மெஷின் விஷயத்தில் நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறோம்.

ஒன்று: எந்த மலைக்குக் கத்தரியோ மெஷினோ வருவதானாலும் முன்கூட்டியே சங்கத்தோடு பேச வேண்டும். நோம் எவ்வளவு என்பது எழுத்தில், இரு பக்கக் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

இரண்டு: மெஷினால் கூடும் கிலோவில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். கையால் எடுத்த நாளைவிட நாட்சம்பளமும் கைக்காசும் சேர்ந்து கூட வேண்டும்.

மூன்று: மெஷின் பழக்குவதில் பெண்களுக்குச் சம இடம். எண்ணெய், தீட்டும் செலவு, கையுறை, காதுக்கும் கண்ணுக்கும் காப்பு எல்லாம் கம்பனி பொறுப்பு.

நான்கு: யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மிஞ்சும் ஆள்நாளைக் கவ்வாத்து, மறுநடுகை, தவறணை வேலைக்குப் பேரோடு கொடுக்க வேண்டும். காடேறிக் கிடக்கும் மலைகளை மறுபடி நட வருடக்கணக்கில் வேலை இருக்கிறது.

ஐந்து: விலகும் ஒவ்வொருவரின் இடத்துக்கும் அந்தத் தோட்டத்து இளைஞர், யுவதி ஒருவரின் பேர் பதிய வேண்டும்.

இவற்றைப் பேச்சு மேசையில் வைக்கும்போது எதிர்ப்பக்கம் கணக்குப் புத்தகத்தோடு வரும். நம்மிடமும் கணக்கு வேண்டும். இன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, மலை நம்பர், கையால் எடுத்ததா கத்தரியா, நிறுத்த கிலோ, கழித்த கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்று நாள்தோறும் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதம் முடிந்ததும் சம்பளச் சீட்டோடு சேர்த்துத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ காட்டுங்கள். துறைமுகப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களும் தங்கள் தொழிலில் மெஷின் வந்தபோது என்ன நடந்தது, யாருக்கு நட்டஈடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கிளைக் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும். மலையில் இருக்கிற நமக்கு அந்த அனுபவம் பாடமாகும்.

சம்பளம் கேட்பது குற்றமல்ல, மெஷின் அதற்குத் தண்டனையுமல்ல. முதுகுப் பாரம் குறையுமானால் மெஷின் வரட்டும். ஆனால் எத்தனை கிலோ, எவ்வளவு காசு, யார் கையில் என்பதைத் துரை தனியாகத் தீர்மானிக்க விடமாட்டோம். அடுத்த சம்பளப் பேச்சு தொடங்கும் முன் உங்கள் கொப்பிகள் தயாராக இருக்கட்டும்.