வன்னித் தெருவில் ஒரு ஜப்பானிய வாகனம்

தமிழில் வான் என்றால் ஆகாயம். நமது வன்னிச் சனங்களுக்கோ வான் என்பது முதலில் தெருவில் ஓடுவது. ஆகாயம் அதற்குப் பிற்பட்டதே. அந்த வானுக்குள்ளும் ஓர் இனம் பிரித்து, "ஹயஸ்" என்று தனிப்பெயர் வழங்கிவருகின்றோம். கலியாண வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிச் செல்ல வேண்டுமானால் "ஒரு ஹயஸ் பிடியுங்கோ" என்கின்றோம். பத்திரிகைகளும் விபத்துச் செய்தி வெளியிடுகையில் "ஹயஸ் ரக வாகனம்" என்றே எழுதுகின்றன. மிட்சுபிஷி கம்பெனியின் லொறியொன்று "கன்டர்" என்றும், இசுசு கம்பெனியின் லொறியொன்று "எல்ப்" என்றும் இவ்வாறே பொதுப்பெயர்களாகிவிட்டன. வியாபாரி தன் சரக்குக்கு இட்ட பெயரைச் சனங்கள் தங்கள் சொந்தச் சொல்லாக எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை.

இந்த ஹயசை உற்பத்தி செய்யும் டொயோட்டா கம்பெனியின் பூர்வோத்தரத்தையும், வன்னியில் அதனை வைத்திருப்போர் அதனைப்பற்றிக் கொண்டுள்ள அபிப்பிராயங்களையும் இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியது முதல், வீட்டிலுள்ள பழைய வாகனத்தை விற்றுவிட்டு லீசிங்கில் இன்னொன்று எடுக்கலாமா என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் பல. அக்கணக்கில் தவறினால் வயலும் வீட்டு நகையும் போய்விடும். ஆதலால் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

மோட்டார் வாகனத்தின் கதை நெசவுத் தறியில் தொடங்குகிறது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். 1867இல் ஜப்பானியக் கிராமமொன்றில் ஒரு தச்சருடைய மகனாகப் பிறந்தவர் சக்கிச்சி டொயோடா. 1891இல் மரத்தாலான கைத்தறியொன்றுக்கு அவர் முதற் காப்புரிமை பெற்றார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் தறிகளைத் திருத்துவதிலேயே கழித்து, 1924இல் தானியங்கித் தறியொன்றைப் பூர்த்தி செய்தார். நூல் அறுந்தால் அத்தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை மேலும் மேலும் நெய்துகொண்டிராது. இங்கிலாந்திலே தறி செய்வதில் பேர்பெற்ற பிளாட் சகோதரர் கம்பெனியே 1929இல் ஒரு லட்சம் பவுண் கொடுத்து அதன் காப்புரிமையை வாங்கிற்று என்றால் அதன் சிறப்பைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவருடைய மகன் கீச்சிரோவுக்கு மோட்டாரிலே மோகம். 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பகுதியொன்றைத் தொடங்கினார். 1935இல் அவர்கள் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் லொறிகள் அடிக்கடி வழியில் நின்றுபோயின. பழுது பார்க்க ஆட்களை அனுப்பி, எந்த உறுப்பு ஏன் முறிந்தது என்று குறித்துக் கொண்டுவந்து, அடுத்த லொறியில் அதனைத் திருத்தினார்கள். முதற் சரக்கு சிறந்ததாக இருந்தது என்று புகழ்ந்து எழுதப்படும் கம்பெனி வரலாறுகளைவிட, இந்த வரலாறு நமக்கு நம்பிக்கை தருகிறது. 1937இல் மோட்டார்க் கம்பெனி தனியாக நிறுவப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டிலே பெயரும் சிறிது மாறிற்று. டொயோடா என்பது குடும்பப் பெயர். சீன எழுத்துக்களில் எழுதினால் அதற்குச் செழிப்பான வயல் என்று பொருள். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் ஒருவர், தம் முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் நெற்றியில் வயலின் பெயரே எழுதியிருக்கிறது என்று கேட்டால் மகிழாமலிருப்பாரா? டொயோட்டா என்று மாற்றியதற்கு ஒரு காரணம், ஜப்பானிய எழுத்தில் அதனை எட்டுக் கீறல்களில் எழுதி முடிக்கலாம் என்பது. எட்டு அவர்களுக்கு அதிர்ஷ்ட எண். எண் சாத்திரம் பார்ப்பவர்கள் நம்மவர் மாத்திரமல்லர்!

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் தோற்றபின் கம்பெனி மிக நொடித்துப் போயிற்று. 1950இல் சம்பளம் கொடுக்க இயலாமல், ஆட்குறைப்புச் செய்து, வேலைநிறுத்தம் மூண்டு, ஈற்றில் கீச்சிரோ தாமே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஜூன் மாத இறுதியில் கொரியாவில் யுத்தம் வெடித்தது. அமெரிக்கப் படைக்கு லொறிகள் வேண்டியிருந்தன, கட்டளைகள் குவிந்தன, கம்பெனி பிழைத்தது. பிழைத்ததைப் பூரணமாகக் காணாமல் 1952இல் கீச்சிரோ காலமானார். ஓரிடத்து யுத்தம் இன்னோரிடத்துத் தொழிற்சாலையை வாழவைக்கிறது என்னும் இந்தக் கணக்கை, யுத்தத்திலே சகலமும் இழந்த நாம் படிக்கும்போது மனம் ஒருவாறு கசக்கத்தான் செய்கின்றது. ஆயினும் நடந்ததை நடந்தவாறே சொல்லவேண்டும்.

பின்வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1957இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுண் கார்கள் அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் அவமானப்பட்டன. 1966இல் கொரோலா வந்தது, 1967இல் ஹயஸ், 1968இல் ஹைலக்ஸ். அக்காலத்தில் நமது தெருக்களில் ஓடியவை மொரிஸ், ஒஸ்டின் முதலிய ஆங்கிலக் கார்களே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே ஜப்பானிய வாகனங்கள் வெள்ளமாக வந்தன. அதற்கு ஜப்பானியச் சட்டமும் ஒரு காரணம். அங்கே புதிய கார் மூன்று வருடத்திலும், பின்னர் இரண்டு வருடத்துக்கொரு முறையும் கடுமையான பரிசோதனைக்குட்பட வேண்டும். அதன் செலவுக்கு அஞ்சி நல்ல நிலையிலுள்ள வாகனங்களையே கைவிட்டுவிடுகின்றார்கள். அவர்களும் நம்மைப்போல் தெருவின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். சுக்கானை இடம் மாற்ற வேண்டியதில்லை. கப்பலில் ஏற்றினால் போதும்.

நிற்க. வன்னிக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை அறியாத இளைஞர் இப்போது வாக்காளராகிவிட்டனர். பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம் எதுவும் ஓமந்தைக்கு அப்பால் தாராளமாக வரவில்லை. பழைய ஆங்கிலக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுச் சூடாக்கிக் கிளப்பிக்கொண்டு, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். டீசல் எஞ்சினுடன் அவ்வாறு விளையாட முடியாது. ஹயசின் எரிபொருள் பம்பிக்குள்ளே சுழலும் உறுப்புகளுக்கு, அதனூடு செல்லும் டீசலின் எண்ணெய்ப்பசையே மசகு. அப்பசையில்லாத மண்ணெண்ணெயை ஊற்றினால் பம்பி தேய்ந்துபோம்.

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின்பின் ஏ-9 வீதி திறந்தது. அது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை 321 கிலோமீற்றர். பல வருடம் காணாத சொந்தங்களைக் காண இரு பக்கமும் வாகனங்கள் ஓடின. 2006 ஆகஸ்டில் முகமாலையில் வழி மூடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தவற்றை வாசகர்கள் அறிவர். 2009இல் முள்ளிவாய்க்கால் வெளியிலே எரிந்தும் கவிழ்ந்தும் துருப்பிடித்தும் கிடந்த வாகனங்களைப் பின்னர் சென்றவர்கள் எல்லோரும் கண்டார்கள். உழவு யந்திரங்கள், லொறிகள், வான்கள், எண்ணிக்கையற்ற சைக்கிள்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் சேமிப்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வெள்ளை வான் என்ற சொல் இந்நாட்டில் ஆட்கடத்தலைக் குறிக்கும் சொல்லாகப் பல வருடம் வழங்கிற்று. இலக்கத் தகடில்லாத வெள்ளை வான் வீட்டு வாசலில் மெதுவாகச் சென்றால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே அழைத்த காலம் அது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்து போராட்டம் தொடங்கியபோது, அவ்வழியே போன வான்களிற் பலவும் வெள்ளையே. வாகனத்தின்மேல் பழியில்லை; நிறத்தின்மேலும் பழியில்லை. எனினும் பிள்ளையை இழந்த ஒரு தாய் அந்த நிறத்தில் வண்டி ஏற மறுத்தால் அவரை யார் குறைசொல்ல வல்லார்?

இனி அபிப்பிராயங்கள். வன்னியில் ஹயஸ் வைத்திருப்போர் இரு கட்சியினர்: "டொல்பின்" கட்சி, "கே.டி.எச்." கட்சி. 1989இல் வெளிவந்த உருவமே டொல்பின். மூக்கு வளைந்திருப்பதால் நம்மவர் இட்ட பெயர். கே.டி.எச். என்பது 2004இல் வந்த உருவம். அடிச்சட்ட இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துக்களே பெயராயின.

டொல்பின்காரர் சொல்வது இது: இதன் 2.8 லீற்றர் எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் இல்லை. மாங்குளத்திலோ மல்லாவியிலோ மரநிழலில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். உதிரிப்பாகம் வவுனியாவில் இல்லையென்ற பேச்சில்லை. கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் ஓடி, முப்பது வயதாகியும் வீட்டுக்கு உழைத்துப் போடுகின்றது. குறையும் சொல்கிறார்கள். எஞ்சின் முன்னாசனத்தின் கீழே இருப்பதால், சித்திரை வெயிலில் சாரதி அடுப்பின்மேல் இருப்பவர் போலாவார். வேகம் குறைவு. படியின் கீழும் சில்லுக்கு மேலும் துரு தின்னும். பல்லிணைக்கும் பட்டியை ஏறக்குறைய 100,000 கிலோமீற்றருக்கொரு முறை மாற்றாவிடின் ஒரு நாள் ஓட்டத்திலே அறும். அந்தப் பட்டி அறுந்தால் வால்வுகளையும் முறித்துக்கொண்டுதான் எஞ்சின் நிற்கும். மாற்றிய திகதி தெரியாத வண்டியை வாங்கினால் முதற் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

கே.டி.எச்.காரரோ கொழும்புக்கு இரவில் புறப்பட்டு விடியுமுன் இறங்குவதையும், கட்டுநாயக்காவில் கனடாவிலிருந்து வந்த அத்தையார் களைப்பின்றி வீடு சேர்ந்ததையும் பெருமையாகச் சொல்கிறார். குளிர்காற்றும் இழுவையும் மிக நன்று. ஆனால் இதன் எஞ்சின் மிகுந்த அழுத்தத்தில் டீசலை விசிறும் வகை. தண்ணீர் கலந்த டீசலோ, மண்ணெண்ணெய் கலந்த டீசலோ ஒருமுறை உட்சென்றால் இன்ஜெக்டர்கள் நான்கும் கெடலாம். அச்செலவு ஒரு போக நெல்லின் இலாபத்தை விழுங்கிவிடும். நோயைக் கண்டுபிடிக்கவும் கருவி வேண்டும். கருவி உள்ள கராஜ் எல்லா ஊரிலும் இல்லை.

இரு கட்சியினரும் ஒத்துக்கொள்ளும் ஆபத்தொன்று உண்டு. ஹயசுக்கு முன்னால் நீட்டிய மூக்கில்லை. சாரதியின் முழங்காலுக்கும் எதிர்வரும் பொருளுக்கும் இடையில் ஒரு தகடே உள்ளது. ஏ-9 வீதியிலோ இரவில் மாடுகள் படுத்துறங்குகின்றன. கனகராயன்குளப் பக்கம் யானைப் பயமும் உண்டு. பதினான்கு பேர் தூங்கிக்கொண்டிருக்க, ஒருவர் மாத்திரம் விழித்திருக்கவேண்டிய பயணம் அது. அந்த ஒருவரும் பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடிவிட்டு வந்தவராக இருப்பது நம் ஊர் வழக்கம். லீசிங் தவணை அவரை உறங்கவிடுவதில்லை. வாடகைக்கு அமர்த்துகிறவர்கள் கட்டணத்தைப் பேசுமுன், சாரதி நேற்றிரவு எத்தனை மணி உறங்கினார் என்று கேட்டால் குற்றமில்லை. நாம் கேட்கவே செய்கின்றோம்; சிலர் கோபிக்கிறார்கள்.

எனினும் நன்றி மறக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்பியூலன்ஸ் வட மாகாணத்துக்கு வந்தது 2018இலேதான். அதற்கு முன் நெடுங்கேணியிலோ முத்தையன்கட்டிலோ நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நோவு கண்டால், ஊரில் வான் வைத்திருப்பவரின் படலையைத்தான் தட்டினார்கள். பணம் பிறகு கொடுக்கலாம் என்று சொல்லிச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்களை எல்லா ஊரிலும் காட்டலாம். அவ்வாறு வழியிலேயே பிறந்து, அந்த வானிலேயே பள்ளிக்கூடமும் போய் வந்த பிள்ளைகள் உண்டு.

வாங்க எண்ணுவோருக்கு நாம் சொல்வது: தூரங்காட்டும் மீற்றரை நம்பாதீர்கள், அதனைப் பின்னோக்கித் திருப்புவது எளிது. மிதிபலகையின் தேய்வையும் சுக்கானின் வழுவழுப்பையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகின்றதா என்று நோக்குங்கள். அடிச்சட்ட இலக்கம் பதிவுப் புத்தகத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும்; யுத்தகாலத்தில் கைமாறிய வாகனங்கள் உள்ள நமது பிரதேசத்தில் இது மிக முக்கியம். கிராமத்து ஓட்டத்துக்கும் கையிருப்புக் குறைந்தவருக்கும் டொல்பினே போதும் என்பது எமது கருத்து. கொழும்பு ஓட்டம் நிரந்தரமாக உள்ளவர், நல்ல டீசல் அடிக்குமிடம் தெரிந்தவர், தவணைக்கு மேலாக ஒரு தொகையை இன்ஜெக்டருக்கென ஒதுக்கக்கூடியவர், இம்மூன்றும் பொருந்தினால் மற்றதை எடுக்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இரு சில்லு உழவு யந்திரத்தைப்பற்றி எழுதும்படி முல்லைத்தீவு வாசகர் ஒருவர் கேட்டிருக்கின்றார். இப்போது ஓடுபவற்றில் குபோட்டா போன்ற ஜப்பானியப் பெயர்கள் இருந்தும் சனங்கள் அதனை இன்னமும் "லாண்ட்மாஸ்டர்" என்கிறார்களே, அது யாருடைய பெயர் என்பது அவர் கேள்வி. அஃது இங்கிலாந்துக் கம்பெனியொன்றின் பெயர். மிகுதி வரும் வாரம்.