மூன்றாவது முனையை மறவாதீர்!

மேற்படிப்புக்கென்றும் ஆராய்ச்சிக்கென்றும் ஆண்டுதோறும் நம் சங்கத்தார் சிலர் கடல் கடந்து செல்கின்றனர். மாலையிட்டு வழியனுப்புகிறோம், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். ஆனால், "எந்த அடாப்டர் வாங்கினாய்?" என்று கேட்பார் ஒருவருமில்லை. அற்பப் பொருள்தானே என்பர். அற்பமன்று என்பதே என் கட்சி.

ஆறு மாத ஆய்வுப் பணிக்காக நான் ஜெர்மனிக்குச் சென்றிருந்தேன். புறப்படும் அவசரத்தில், 'எல்லா நாடுகளுக்கும் ஏற்றது' என்று அட்டையில் அச்சிட்ட அடாப்டர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அங்கே அதில் மடிக்கணினியை மாட்டி வேலை செய்கையில், அதன் உலோக உடலில் கை பட்டபோதெல்லாம் சுறுசுறுவென்றது. குளிரின் விளைவு என்றெண்ணி இரண்டு நாள் வாளா இருந்தேன். மூன்றாம் நாள்தான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். என் பிளக்கில் முனைகள் மூன்று. அடாப்டரிலிருந்து சுவருக்குள் சென்றவையோ இரண்டே! 'எர்த்' எனப்படும் மூன்றாவது முனை போக்கிடமின்றி நின்றது.

மடிக்கணினியில் இது வெறும் கூச்சம். இஸ்திரிப் பெட்டியிலோ உலோகக் கெட்டிலிலோ உள்ளே பழுது நேர்ந்தால், மின்சாரம் முழு வேகத்துடன் மேலுடலுக்கு வந்துவிடும். எர்த் இருந்தால் அது அவ்வழியே மண்ணுக்குச் செல்லும், பியூஸ் போகும், உயிர் தப்பும். எர்த் இல்லையேல் தொட்டவன் உடலே அதற்கு வழியாகும்.

இதில் ஏமாற்றமும் உண்டு. பிரிட்டனின் சாக்கெட்டில், நீண்ட எர்த் முனை நுழைந்தால்தான் மற்ற இரு துளைகளின் மூடிகள் திறக்கும். ஆகவே பல அடாப்டர்களில் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் முனையை வைத்துவிடுகின்றனர். கதவு திறக்கும்; காவல் இராது. ஜெர்மன் சாக்கெட்டில் எர்த் இணைப்பு பக்கவாட்டு உலோகத் தகடுகளில் உள்ளது. அவற்றைத் தொடாத அடாப்டரால் பயனில்லை.

மற்றொன்று: அடாப்டர் உருவத்தை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. இந்தியாவைப் போலவே ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட்; அமெரிக்காவில் 120; ஜப்பானில் 100. சார்ஜரின் மீது '100–240' என்றிருந்தால் கவலையில்லை. நம் 700 வாட் ரைஸ் குக்கரை அமெரிக்காவில் மாட்டினால், கிடைப்பது ஏறக்குறைய 190 வாட்தான். அரிசி வேகாது, ஊறும்! அங்கு வாங்கிய 120 வோல்ட் கருவியை இங்கு மாட்டினாலோ, மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறிக் கருகிப்போகும்.

பல நாடுகள் சுற்றுவோர்க்கு ஒரே அடாப்டர் வசதியல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். இரு முனைச் சார்ஜரால் தொலைபேசிக்கு மின்னூட்ட மட்டுமெனில், நானும் மறுக்கவில்லை. ஓரிடத்தில் தங்கிப் படிக்கச் செல்பவர், அந்த நாட்டுக்கென்றே செய்த, எர்த் இணைப்புள்ள அடாப்டர் ஒன்று வாங்கட்டும். அதனுடன் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றையும் எடுத்துச் சென்றால், சார்ஜர்கள் அனைத்துக்கும் அதுவே போதும். ஆனால் கெட்டிலை அதில் மாட்டலாகாது. அடாப்டரில் 6 ஆம்பியர் என்றிருந்தால், 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட் மட்டுமே. கெட்டிலைச் சென்ற ஊரிலேயே வாங்குவது நன்று.

1947இல், நாம் விடுதலை பெற்ற அதே ஆண்டில், பிரிட்டன் தன் புதிய சதுர முனைப் பிளக்குக்கான தரத்தை வெளியிட்டது. அவர்கள் கைவிட்ட உருண்டை முனைகளை நாம் இன்றும் வைத்திருக்கிறோம். உலகம் ஒரே பிளக்குக்கு உடன்படும் நாள் அண்மையில் வருமென்று எனக்குத் தோன்றவில்லை. நம்மால் இயன்றதைச் செய்வோம். சங்க அலமாரியில் ஒரு பெட்டி வைப்போம். திரும்பி வருவோர் தம் அடாப்டரை, நாட்டின் பெயரெழுதி, அதில் போடட்டும். செல்வோர் எடுத்துச் செல்லட்டும். என்னுடைய ஜெர்மன் அடாப்டரை, பின்னர் அங்கேயே தேடி வாங்கிய நல்லதைத்தான், முதற்காணிக்கையாகத் தருகிறேன்.

இனி ஊறுகாயோடு அதையும் கட்டிக் கொடுப்போம்.