சைலன்சர் மாட்டும் ரைஃபிளுக்குக் குழல் முனையில் என்ன வேண்டும்?

கேள்வி: "மகன் நியூசிலாந்தில், ஒடாகோ பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். முயல் தொல்லை தாங்காமல் ராத்திரியில் ரைஃபிளால் சுடுகிறார்களாம். சைலன்சர் வாங்கலாம் என்று இருக்கிறான். அதற்கு முன்னால் குழல் முனையில் மஸில் பிரேக் மாட்டு என்கிறார் ஒருவர், ஃபிளாஷ் ஹைடர் மாட்டு என்கிறார் இன்னொருவர். எதை வாங்கச் சொல்லலாம்? ஊருக்கு வரும்போது இங்குள்ள பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கும் ஒரு சைலன்சர் கொண்டு வரலாமா?"

- ஒட்டன்சத்திரம் வட்டார வாசகர் ஒருவர்

பதில்: மகனுக்கு பிரேக்கும் வேண்டாம், ஃபிளாஷ் ஹைடரும் வேண்டாம். குழல் முனையில் உள்ள மரையிலேயே சைலன்சரை நேராகத் திருகிக்கொண்டால் போதும். ஊருக்குக் கொண்டு வரும் எண்ணத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். காரணங்கள் கீழே.

நியூசிலாந்துக்கு முயல் 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுபோகப்பட்ட பிராணி. ஒடாகோவின் வறண்ட மேட்டு நிலத்தில் அது பெருகி, ஆட்டுக்கு உள்ள புல்லைத் தின்று, மண்ணையும் பறித்துப் போடுகிறது. அதனால் அங்கே முயல் சுடுவது பண்ணை வேலைகளில் ஒன்று. சைலன்சர் பயன்படுத்த அங்கே சட்டத்தில் தடை இல்லை. ஆனால் துப்பாக்கியைத் தொட உரிமம் வேண்டும்; இல்லையென்றால் உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணிக்க வேண்டும். மகன் முதலில் உறுதி செய்ய வேண்டியது இதைத்தான்.

சைலன்சர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. .223 ரைஃபிளின் வெடிச்சத்தம் சுமார் 160 டெசிபல். 140-ஐத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம். நல்ல சைலன்சர் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். அதாவது ஆபத்தான அளவிலிருந்து எல்லைக்கோட்டுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் எழும் 'படீர்' சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. ஆகவே சைலன்சர் மாட்டினாலும் காதுக் கவசம் போட்டுத்தான் சுட வேண்டும். போன காது திரும்பி வராது.

இனி முனையில் மாட்டும் சாமான்கள்.

மஸில் பிரேக்: வெடிப்புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தோளில் விழும் உதையைக் குறைப்பது. முயல் சுடும் .22, .223 ரைஃபிள்களில் உதை குறைவு. இருக்கும் உதையையும் சைலன்சரே குறைத்துவிடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு பிரேக்கோடு மட்டும் சுட்டால், சத்தம் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திரும்பி, வெறும் குழலைவிடக் காதை மோசமாகத் தாக்கும். குட்டைக் குழலில் தொடர்ந்து சுடுபவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: சைலன்சருக்குள் இருக்கும் முதல் தடுப்புத் தட்டு தேயாமல், சூட்டையும் அழுத்தத்தையும் பிரேக் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் பண்ணை ரைஃபிளுக்கு அது தேவைப்படாது.

ஃபிளாஷ் ஹைடர்: முனையில் தெரியும் தீப்பிழம்பை மறைப்பது. சைலன்சர் மாட்டியதும் அந்த வேலையை அதுவே பெரும்பாலும் செய்துவிடுகிறது. கவை போலப் பிளந்த சில ஹைடர்கள் சுடும்போது 'ணிங்' என்று மணிபோல ஒலிப்பதும் உண்டு.

இந்த இரண்டையும் விற்பவர்கள் சொல்லும் முக்கியமான வசதி, சைலன்சரை நொடியில் மாட்டிக் கழற்றலாம் என்பது. ஒரே சைலன்சரை நாலு ரைஃபிளுக்கு மாற்றி மாட்டுபவருக்கு அது உதவும். ஒரு ரைஃபிள், ஒரு சைலன்சர் என்று இருப்பவருக்கு வீண் செலவு, கூடுதல் எடை. அதைவிட, இணைப்பு ஒன்று கூடினால் கோணல் வர ஒரு இடமும் கூடுகிறது.

அந்தக் கோணல்தான் உண்மையான ஆபத்து. சைலன்சருக்குள் வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கும். நடுவில் உள்ள துளை குண்டைவிடச் சிறிதளவே பெரியது. சைலன்சர் மயிரிழை சாய்ந்திருந்தாலும் குண்டு தட்டில் உரசும். அதிகம் சாய்ந்தால் சைலன்சரே பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே, குழலின் மரை முடியும் இடத்தில் உள்ள தோள்பட்டை சதுரமாக, சுத்தமாக இருக்க வேண்டும். எப்போதாவது பிரேக் வழியாக மாட்டும் நிலை வந்தால், நசுங்கும் வாஷரைப் போட்டு இறுக்கக் கூடாது. அது ஒரு பக்கமாக நசுங்கிச் சாய்க்கும். தட்டையான மெல்லிய ஷிம் வாஷரே சரி. முதல் தடவை மாட்டியதும், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் குழலுக்குள் நேர்க்கம்பி விட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

அடுத்தது மரை. நியூசிலாந்தில் .22 ரைஃபிள்களில் அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 மரை உள்ளவை நிறைய உண்டு. அதே அரை அங்குலத்தில் 28 மரை உள்ளவையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பம்புசெட் குழாயில் மரை மாறினால் தண்ணீர் ஒழுகும். இங்கே மாறினால் மரை கெட்டு, சைலன்சர் கோணலாக நிற்கும். ரைஃபிளின் மரை அளவை எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று நடக்கலாம். .22 குண்டும் .223 குண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். அதனால் .22-க்கென்று செய்த லேசான சைலன்சர், மரை ஒத்துப்போனால் .223 குழலிலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் .223 தோட்டாவின் அழுத்தம் .22-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். லேசான சைலன்சர் வெடித்துச் சிதறும். எந்தத் தோட்டாவுக்கு என்று சைலன்சர் மேல் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்காமல் மாட்டவே கூடாது.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை:

1. சைலன்சர் மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். மாட்டிய நிலையிலேயே குறி சரிபார்த்து, எப்போதும் அப்படியே சுட வேண்டும்.

2. நேராகத் திருகியது சுடச்சுட இளகும். சில தடவை சுட்டதும் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, இறுக்கம் பார்க்க வேண்டும். சைலன்சர் சூடேறியிருக்கும்; வெறும் கையால் தொடக் கூடாது.

3. வேலை முடிந்ததும் கழற்றி உலர விட வேண்டும். உள்ளே தங்கும் ஈரமும் கரியும் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். கழற்றிய பிறகு மரை அடிபடாமல் இருக்க ஒரு மரை மூடி வேண்டும். மகன் தனியாக வாங்க வேண்டிய முனைச் சாமான் அது ஒன்றுதான்.

4. .22 சைலன்சருக்குள் ஈயத்தூள் சேரும். பிரித்துச் சுத்தம் செய்யக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். சுத்தம் செய்யச் சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்தியாவின் ஆயுதச் சட்டம், 1959-இல், துப்பாக்கியின் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைப்பதற்காகச் செய்த துணைக்கருவியும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. தனியாக ஒரு சைலன்சரைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தாலும், பார்சலில் அனுப்பினாலும், உரிமம் இல்லாமல் துப்பாக்கி கொண்டு வந்ததற்குச் சமம். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருப்பதால் இதற்கும் அனுமதி உண்டு என்று நினைக்கக் கூடாது. கேட்டவரின் பெயரில் இப்போது இருக்கும் உரிமத்துக்கே ஆபத்து வரும், மகன் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார். மேலும், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியின் முனையில் அதை மாட்ட மரையும் கிடையாது. பட்டறையில் கொடுத்து மரை வெட்டச் சொல்வதோ, குழாய் பற்றவைப்பதோ சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

சத்தம்தான் கவலை என்றால், மகன் ஊருக்கு வரும்போது நல்ல காதுக் கவசம் இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. ஒன்று சுடுபவருக்கு, மற்றொன்று பக்கத்தில் டார்ச் அடிப்பவருக்கு.