இயங்கினால் மட்டும் போதுமா?

எங்கள் கணினிக் கூடத்தில் பாடவேளை முடிவதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரே குரல் எழும்: "வேலை செய்யுது!" எதிர்பார்த்த விடை திரையில் வந்ததும் கொப்பியில் குறித்துக்கொண்டு கணினியை மூடிவிடுவோம். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு செய்நிரல் இயங்குவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் தவறானது என்பதே என் கருத்து. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் ஒரு மாணவியாக, நானே செய்த ஒரு பிழையிலிருந்து இதைக் கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. எங்கள் ஊரில் பல வீடுகளில் மாதச் சம்பளம் வந்த பிறகே கடைக் கணக்குத் தீரும். அதற்காக வாப்பா ஒரு நீளமான கடன் கொப்பி வைத்திருந்தார். சென்ற தவணை விடுமுறையில் அந்தக் கொப்பிக்குப் பதிலாக பைத்தன் மொழியில் ஒரு செய்நிரல் எழுதிக் கொடுத்தேன். பெயரையும் தொகையையும் தட்டினால், அந்தப் பெயருக்குரிய கடனோடு தொகை சேர்ந்துவிடும். மூன்று கற்பனைப் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றும் சரி. வாப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "மகள் செஞ்சது" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. வாப்பா வழக்கம்போல 1,500 என்று காற்புள்ளியோடு தட்டினார். செய்நிரல் சிவப்பு எழுத்துக்களில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அந்த எழுத்துக்களை நான் வாசிக்கவே இல்லை. "வாப்பா, கொமா போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நாற்பது வருடமாகக் கணக்கு எழுதும் ஒருவரின் கையைத் திருத்த முயன்றேனே தவிர, என் செய்நிரலைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது சிக்கல் மாத முடிவில் வந்தது. கணக்குத் தீர்க்க வந்த ஒரு தாயிடம் வாப்பா, "ஆறாயிரத்துத் தொளாயிரத்து முப்பது ரூபா" என்றார். அவர் திகைத்துப்போய், "நான் அவ்வளவு எடுக்கல்லயே" என்றார். கடையில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். வாப்பா திரையைத் திருப்பிக் காட்டினார். திரையில் இருந்ததும் 6,930 தான். அவர் மேலும் ஒன்றும் பேசாமல், கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டு, மிகுதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றிரவு வாப்பா பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. எங்கள் தெருவில் அதே பெயரில் இன்னொருவரும் இருக்கிறார். ஒருவரின் கடன் 2,780 ரூபா, மற்றவரின் கடன் 4,150 ரூபா. என் செய்நிரல் இரண்டையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டது. கொப்பியிலோ ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வாப்பாவின் கையெழுத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: "தையல்", "பள்ளியடி", "கிணத்தடி வீடு". செய்நிரல் எழுதும்போது அவற்றைத் தேவையற்ற கிறுக்கல்கள் என்று நினைத்து விட்டுவிட்டவள் நான்தான்.

வேதனையான இன்னொன்றும் உண்டு. தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி பற்றிய வினாவுக்கு அந்தத் தவணைப் பரீட்சையில் நான் முழுப் புள்ளி எடுத்திருந்தேன். "ஒரு பதிவைத் தனித்துவமாக இனங்காண உதவுவது, பெயர் இதற்குப் பொருத்தமற்றது" என்று எழுதி, உதாரணமாகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் மாணவர் சேர்விலக்கத்தையும் கொடுத்திருந்தேன். விடைத்தாளில் தெரிந்த விடயம் வாப்பாவின் கடையில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் செய்நிரலாக்கத்தைக் கற்கிறோமா, அல்லது செய்நிரலாக்கம் பற்றிய விடைகளை மனனம் செய்கிறோமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது அன்றுதான்.

இது ஒரு சின்னக் கடையின் கதைதானே என்று நினைக்க வேண்டாம். 1985 முதல் 1987 வரையான காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளர்களுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தார்கள். உடல் எரிகிறது என்று நோயாளி சொன்னபோது, இந்த இயந்திரத்தால் அப்படி நடக்கவே முடியாது என்ற பதில்தான் கிடைத்தது. முந்திய மாதிரி இயந்திரங்களில் ஆபத்தைத் தடுக்கத் தனியான வன்பொருட் பாதுகாப்பு இருந்தது. தெராக்-25 இல் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. அதிலிருந்த ஒரு வழு, இயக்குபவர் விவரங்களை மிக வேகமாகத் திருத்தித் தட்டும்போது மட்டுமே வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த வழுவை வெளிக்கொண்டு வந்தவர்கள் ஒரு மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கியவருமே. அவர்கள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து அந்தப் பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்டினார்கள்.

மனிதர் ஒன்று சொல்ல, இயந்திரம் வேறொன்று சொல்ல, இயந்திரத்தை நம்பியதுதான் அங்கே நடந்தது. எங்கள் கடையில் நடந்ததும் அதுவே. உயிர் போகவில்லை, ஒரு பெண்ணின் மானம் நான்கு பேர் முன்னிலையில் போனது.

அப்படியானால் செய்நிரலாக்கத் திறனை எப்படி வளர்ப்பது? நான் நிபுணி அல்ல. ஆனாலும் அந்தச் செய்நிரலைத் திருத்திய இரண்டு வாரங்களில் எனக்குப் பயன்பட்ட சில பழக்கங்களை என் தோழியருக்குச் சொல்ல முடியும்.

முதலாவது, எழுதுமுன் கேட்பது. இரண்டாம் முறை நான் கணினியைத் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் பின்னேரங்களில் கடையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கொப்பியில் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தேன். எதை முதலில் எழுதுகிறார், எதை வெட்டுகிறார், யாருக்கு என்ன அடையாளம் போடுகிறார் என்று குறித்துக்கொண்டேன். அந்தக் கிறுக்கல்களில் நாற்பது வருட அனுபவம் இருந்தது. அல்கோரிதம் என்ற சொல்லுக்கே தம் பெயரைத் தந்தவர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி. அவருடைய அல்ஜிப்ரா நூலில் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனிதருடைய கொடுக்கல் வாங்கலில் உள்ள சிக்கலைத் தீர்க்கவே அவர் அந்தக் கணிதத்தை எடுத்தாண்டார். எங்கள் வேலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, செய்நிரலை உடைத்துப் பார்ப்பது. சரியாக வரும் என்று தெரிந்த தரவைக் கொடுத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. ஒரே பெயரை இரு முறை கொடுங்கள். தொகையை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் கொடுங்கள், மறைப் பெறுமானம் கொடுங்கள், காற்புள்ளியோடு கொடுங்கள், எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுங்கள். எந்தத் தரவுக்கு என்ன விடை வரவேண்டும் என்பதைச் செய்நிரல் எழுதுமுன்னரே கொப்பியில் ஓர் அட்டவணையாக எழுதி வையுங்கள். பிறகு செய்நிரலில் எதை மாற்றினாலும் அந்த அட்டவணை முழுவதையும் மறுபடி சோதியுங்கள். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கெடுப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

மூன்றாவது, வழுச் செய்தியை வாசிப்பது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் நாங்கள் பயந்து ஆசிரியையைக் கூப்பிடுகிறோம். பைத்தன் காட்டும் செய்தியின் கடைசி வரியில் என்ன வகை வழு என்று இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் நடந்தது என்று இருக்கும். அன்று அதை வாசித்திருந்தால், "1,500" என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று அது தெளிவாகச் சொல்லியிருந்ததைக் கண்டிருப்பேன். காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுவதற்கு ஒரேயொரு வரி போதுமாக இருந்தது.

நான்காவது, மாற்றங்களைப் பதிவு செய்வது. என் மடிக்கணினியில் "கடை", "கடை புதியது", "கடை கடைசி", "கடை கடைசி 2" என்று நான்கு கோப்புக்கள் இருந்தன. எதில் எது சரி என்று எனக்கே தெரியவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட் என்ற மென்பொருளை எழுதியதும், பலர் சேர்ந்து செய்யும் மாற்றங்களை ஒழுங்காகப் பதிந்து வைப்பதற்காகவே. அது இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கற்கும்வரை, திகதி, செய்த மாற்றம், அதற்கான காரணம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஐந்தாவது, பிறருக்கு வாசிக்கக் கொடுப்பது. என் மாறிகளுக்கு நான் வைத்திருந்த பெயர்கள் வெறும் ஒற்றை எழுத்துக்கள். தோழி ஒருத்தி வாசித்துவிட்டு, "இதுல எது கடன், எது கட்டின காசு?" என்று கேட்டாள். என்னாலேயே உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு வரி வரியாக விளக்கிக்கொண்டு போகும்போது, இன்னொரு பிழையும் என் கண்ணில் பட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட மாத்திரத்தில் செய்நிரலை எழுதித் தந்துவிடுகின்றன. அவற்றைப் பாவிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வரியை உங்களால் இன்னொருத்திக்கு விளக்க முடியாதோ, அந்த வரி உங்களுடையது அல்ல. அதை நம்பி ஒருவரின் கணக்கை ஒப்படைக்கவும் கூடாது.

எங்கள் வீட்டில் கணினி இல்லையே என்று சிலர் நினைக்கலாம். மேற்சொன்ன ஐந்தில் பாதிக்கு மேல் பேனையாலும் கொப்பியாலும் செய்யக்கூடியவை. ஒரு செய்நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் மாறிகளின் பெறுமானம் எப்படி மாறுகிறது என்று அட்டவணையில் குறித்துப் பாருங்கள். பரீட்சைக்கும் அது உதவும், சிந்தனைக்கும் அது உதவும்.

இந்த நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி எங்கள் கரைகளை அழித்தபோது, இலங்கையின் மென்பொருள் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து சஹன என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற் போனோரைத் தேடுவதற்கும், முகாம்களைப் பதிவதற்கும், உதவிகளை ஒருங்கிணைப்பதற்கும் அது பயன்பட்டது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூகம்பம் நிகழ்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. அவர்கள் முன்னே இருந்தது பரீட்சை வினா அல்ல. பிள்ளையைத் தேடும் தாய்மார். அத்தகைய வேலையில் ஒரே பெயருடைய இருவரைக் கலந்துவிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் கணினியின் முன் நெடுநேரம் இருந்தால், "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது எங்க பிழைக்கும்?" என்று கேளுங்கள். பிழை தேடி உட்கார்ந்திருக்கும் நேரம் வீண் நேரம் அல்ல. கற்றல் நடப்பதே அப்போதுதான். உங்கள் தையல் கணக்கையோ கடைக் கணக்கையோ அவளிடம் கொடுத்துப் பாருங்கள். ஆனால் அவள் செய்ததை உடனே முழுமையாக நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போதும் கொப்பியும் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கணக்குச் சொல்லப்படுகிறது.

எங்கள் கல்லூரிக்கும் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையைப் புதிய செய்நிரல் எழுதாமல், ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி சோதிப்பதற்கு ஒதுக்கலாம். பிழை கண்டவளுக்கும் புள்ளி, பிழையை ஏற்றுத் திருத்தியவளுக்கும் புள்ளி. அப்போது பிழையை மறைக்கும் பழக்கம் எங்களிடமிருந்து போய்விடும்.

கணக்குத் திருந்திய மறுநாள், கூடுதலாகக் கொடுத்த காசையும் எடுத்துக்கொண்டு வாப்பாவும் நானும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். பிழை வாப்பாவுடையது அல்ல, என்னுடையது என்று நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்தார். "பரவாயில்ல மகள், படிக்கிற புள்ளதானே" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அடுத்த தரம் மெசினக் கேக்க முந்தி என்னக் கொஞ்சம் கேளுங்க" என்றார்.

இப்போது என் செய்நிரலில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் வாப்பாவின் குறிப்புக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.